கரையில் ஒளிய இடமில்லை, மாப்ள

அன்புள்ள பாண்டி,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

துப்பறியும் வேலையாக ஒரு ஆளைக் கவனிக்க நீ நிறுத்தியிருந்த வண்டியை மண்டபம் பக்கம் ஊர்க்காரர்கள் மறித்ததைச் சேது அண்ணன் போனில் சொன்னார். மறிக்காமல் என்ன செய்வார்கள்? கடல் அட்டையும் கஞ்சாவும் கடத்துகிற கரை. கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் அரை மணி நேரம் ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் கடலோரப் போலீசுக்குத் தகவல் போகும், போகவும் வேண்டும். நம் கரையில் ஒளிய இடமில்லை, மாப்ள. நிற்க உரிமையும் காரணமும் உள்ள இடத்தில் நில்: டீக்கடை, ஏலக்கூடம், பஸ் நிறுத்தம். யாராவது கேட்டால் சொந்தப் பெயரைச் சொல், அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த கடிதத்தையும் காட்டு, யாரைப் பார்க்க வந்தாய் என்பதை மட்டும் சொல்லாதே. அப்புறம் அங்கே நிற்காமல் கிளம்பிவிடு. மீன்வளத்துறை ஆபீசர் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. அரசு ஊழியராக நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்ற குற்றவியல் சட்டத்தின் 204ஆம் பிரிவில் குற்றம்.

ஆளை ஒட்டிக்கொண்டு போகாதே. ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை ஒன்றுதான், பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். மண்டபம் பக்கம் காத்திருந்தால் போதும். ஆள் தனுஷ்கோடிக்குள் போனால் நீ முகுந்தராயர் சத்திரத்திலேயே நின்றுவிடு. தொண்டி, தேவிபட்டினம் ரோட்டில் வண்டி குறைவு, பின்னால் வருபவன் தெரிந்துவிடுவான். தொலைந்தால் தொலையட்டும், வேகம் எடுக்காதே. ட்ரோன் யோசனையையும் விடு. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது.

தோள் தூக்க முடியவில்லை என்று இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்ட அந்த விசைப்படகு ஆளுக்கு வருகிறேன். நாளைப் பார்த்துப் போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது அவர் சும்மா உட்கார்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. மற்ற மாதங்களிலும் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிற நாளில்தான் படகு போகும். படகு கரை திரும்பி மீன் இறக்கும்போதுதான் தோளுக்கு வேலை. காலையில் கிழக்குக் கரையில் கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் ஆள் வெறும் நிழலாகத்தான் விழுவார். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி இடம் பிடி. ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் வேர்க்கும், கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கு. நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதே, புகை உள்ளே வந்தால் உயிர் போகும். தண்ணீர் நாலு லிட்டராவது வேண்டும்.

நோட்டுதான் உன் உயிர். பக்க எண் போட்டது, பேனாவால் எழுதியது. தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வை. ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று எழுதாதே. ‘6.40, வலது தோளில் ஐஸ் பெட்டி, வண்டி வரை சுமார் இருபது அடி, இடையில் இறக்கவில்லை’ என்று எழுது. எதுவும் நடக்காத மணி நேரங்களையும், நொண்டி நொண்டி நடந்தால் அதையும் எழுது. அவருக்குச் சாதகமானதை மறைத்தால் குறுக்கு விசாரணையில் எல்லாமே கவிழ்ந்துவிடும். கேமரா மணியைப் போனோடு சரிபார். மைக்கை அணைத்துவிடு, பிறர் பேச்சு உனக்கு எதற்கு? மூல மெமரி கார்டைத் தொடாமல் உறையிலிட்டு மூடு, நகலில் வேலை பார். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் ஹேஷ் மதிப்பு, அதாவது ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீடு, உண்டு, நிபுணர் கையெழுத்தும் வேண்டும்.

வேலிக்குள் கால் வைக்காதே. நம் குடியிருப்புகளில் குளிக்கிற மறைப்பு ஓலைக்கீற்றுதான், கொல்லையில்தான் இருக்கும். அந்தப் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது.

கடைசியாக, எனக்குத் தூக்கம் வராத விஷயம். கல்யாண விசாரணை என்று ஒரு காலேஜ் பெண்ணைக் கவனிக்க முன்பணம் வாங்கியிருக்கிறாயாமே? துப்பறியும் தொழிலுக்கென்று 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. சாதாரண ஆளுக்கு இல்லாத அதிகாரம் உனக்கும் கிடையாது. அவள் போனையோ இன்ஸ்டாகிராமையோ வேவு பார்த்தால் பி.என்.எஸ். 78ஆம் பிரிவு, பெண்ணைப் பின்தொடரும் குற்றம், முதல் தடவையே மூன்று ஆண்டு வரை சிறை. அதைவிட, காலேஜ் வாசலில் ஒரு ஆள் தினமும் நிற்கிறான் என்றால் ராமநாதபுரத்தில் அவளைத்தான் பேசுவார்கள், உன்னையல்ல. படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்பணம் கொடுத்தவர்களே அவள் சொந்தக்காரர்களிடம் நேரில் போய் விசாரிக்கட்டும், அதுதானே வழக்கம்.

இந்த வாரமே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு. கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன்,
மாரி