எங்கள் கதையைப் பத்திரமாக வைத்திருந்த வீடுகளுக்கு

அன்புள்ள பெரியோர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்து வம்சாவளி நோட்டு ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. மானூருக்கு வடக்கே, தேவர்குளம் பக்கத்தில், செவலும் கரிசலும் கலந்து கிடக்கிற எங்கள் ஊரில் முதன்முதலாகக் குடியேறிப் பயிர் வைத்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், இருந்த ஊரை ஏன் விட்டார்கள் என்பதற்கெல்லாம் பதில் கிடைத்திருக்கிறது. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நன்றி என்று நாலு வரி போட்டு முடிப்பது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது கொஞ்சம்தான். ஒரு கட்டு ஓலை, சில முத்திரைத்தாள் பத்திரங்கள், கிஸ்து (நிலவரி) கட்டின ரசீதுகள், அவ்வளவே. மீதி அத்தனையும் பிறத்தியார் வீடுகளில் இருந்தது. கோயில் பெட்டியில், பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில், கட்டிக்கொடுத்த பெண்களின் ஞாபகத்தில், கீழத்தெருப் பெரியவர்களின் வாயில். எங்களுக்கே தெரியாத எங்கள் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கிற கடன் பெரிது.

முதல் நன்றி சாஸ்தா கோயில் பங்காளிகளுக்கு. பங்குனி உத்திரம் வந்தால் நெல்லைச் சீமைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் தம் சாஸ்தாவைத் தேடிப் போவது உங்களுக்குத் தெரியும். சாஸ்தா எதுவென்று தெரியாதவர்கள் காரையார் சொரிமுத்தையனாரிடம் போவார்கள். எங்களுக்கு அந்தக் குறை இல்லை. கரிசலில் இருந்துகொண்டே, வருஷம் தவறாமல் சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு குளத்தங்கரைச் சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டு வருகிறோம். சுற்றிலும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம், கண்ணுக்கெட்டிய தூரம் நெல். மானாவாரிக்காரர்களான நமக்கு இங்கே எப்படிச் சாஸ்தா என்று சின்ன வயதில் கேட்டால், "அங்கேயிருந்துதான் வந்தோம்" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

அந்தக் கோயில் வரிநோட்டைப் பங்காளிகள் எங்கள் முன் எடுத்து வைத்த நாளில்தான் எல்லாம் துலங்கியது. பழுப்பேறிய நீள நோட்டு. கறுப்பு மை பல இடங்களில் காவி நிறமாகிவிட்டது. தலைக்கட்டு ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் கொடுத்த வரி. ஓர் இடத்தில் தனியாகக் கோடு போட்டு, "வடக்கே போனவர்கள்" என்று எழுதி, அதன் கீழே மூன்று பெயர். அதில் ஒன்று எங்கள் பூட்டனுக்குத் தகப்பனார் பெயர். நம் பக்கத்தில் வழங்கிவந்த கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1052க்கு நேராக மட்டும் மூன்று பெயருக்கும் சேர்த்து அடைப்புப் போட்டு, "பஞ்சம், வரவில்லை" என்றிருந்தது. 1052 பங்குனி என்றால் 1877. தாது வருஷப் பஞ்சம் கரிசலைக் காயவைத்துப்போட்ட நேரம். அந்த இரண்டு சொல்லில் எங்கள் ஆட்கள் பட்ட பாடு அத்தனையும் இருக்கிறது. அதைவிட, ஊரை விட்டுப் போனவர்களின் பெயரை அடித்துவிடாமல், வராத வருஷத்திலும் இடம் விட்டு எழுதி வைத்த அந்தக் கை எவருடையதோ, அவருக்கு எங்கள் வணக்கம். நோட்டைக் கோயிலை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பங்காளிகள் கண்டிப்பாகச் சொன்னார்கள். அதுதான் சரி. கோயில் திண்ணையிலேயே உட்காரவைத்து, மதியச் சாப்பாடும் போட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுக்க விட்டார்கள்.

அடுத்து, ஓலைகளை வாசித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர்களுக்கு. ஓலையில் புள்ளி கிடையாது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. எண்கள் எல்லாம் தமிழ் எண். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று, நாங்கள் மறந்துபோன கணக்கையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நஞ்சையைக் கோட்டை விதைப்பாட்டில், அதாவது எத்தனை கோட்டை விதை விதைக்கலாம் என்ற அளவில், சொல்லியிருந்ததை, இருபத்தொரு மரக்கால் கொண்டது ஒரு கோட்டை என்பதிலிருந்து தொடங்கி விளக்கினார். கார் சாகுபடிக்கு வாரம் (விளைச்சலில் நிலக்காரருக்குக் கொடுக்கும் பங்கு) இவ்வளவு, அடுத்த போகமான பிசானத்துக்கு இவ்வளவு என்று ஓர் ஓலையில் இருந்ததை அவர் வாசித்துக் காட்டிய பிறகுதான், எங்கள் ஆட்கள் ஆற்றுப்பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் இல்லை, அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள் என்பது தெரிந்தது. தாமிரபரணித் தண்ணீர் பாயும் பூமியை விட்டுவிட்டு மழையை நம்பும் காட்டுக்கு ஏன் வந்தார்கள் என்ற எங்கள் ரொம்ப நாள் கேள்விக்கு அங்கே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. சொந்தமாக ஒரு துண்டு மண் வேண்டும் என்பதுதான்.

மீதிப் பாதி, கிரய ஓலையில் இருந்த தேதியில் கிடைத்தது. அதைத் தெளிவாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டு ஓலைகளைப் பார்க்கிறவர்களுக்கும் உதவும். ஓலையில் ருத்ரோத்காரி வருஷம் தை மாசம் என்று இருந்தது. வருஷப் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். நல்லவேளையாக, நம் பக்கத்து வழக்கப்படி கொல்லம் ஆண்டும் போட்டிருந்தார்கள்: 1039. ஆவணி முதல் மார்கழி வரை உள்ள தேதியென்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், தை முதல் ஆடி வரை என்றால் 825. ஆக, 1864ஆம் ஆண்டுத் தை. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்குப் பருத்தி வரத்து நின்று, நம் பருத்திக்கு விலை ஏறிக்கிடந்த காலம். கரிசலில் விளைந்ததை வண்டி கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். தூத்துக்குடிக்கு ரயில் வந்ததெல்லாம் அப்புறம், 1876இல். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை, சேரன்மகாதேவி வாரக்குடி மூன்று பேரைக் கலப்பையோடு வடக்கே நடக்கவைத்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய ஆசிரியர் ஐயா, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வரலாற்றுப் பாடமே நடத்திவிட்டார்.

பத்திரங்களைக் கட்டாயமாகப் பதியச் சொல்லும் சட்டமே 1864இல்தான் வந்தது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தக் கிரயத்துக்குச் சுவடு இல்லை. பிறகு கை கொடுத்தது 1870களின் செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஆய்வுக் கூடத்தில், எந்தத் தாலுகா எந்தப் பெயரில் மாறிப் போயிருக்கிறது என்பதைச் சொல்லி, சரியான கட்டை எடுத்துத் தந்த ஊழியர்களுக்கு நன்றி. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் உதவியவர்களுக்கும், எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கும் நன்றி. 1980இல் கர்ணம் பதவியே ஒழிந்த பிறகும் தங்கள் தாத்தா எழுதிய குறிப்புகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்த கணக்குப்பிள்ளை வீட்டாருக்குத் தனி நன்றி.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்.

"எங்க ஆளுக வந்துதான் காட்டை வெட்டி ஊராக்குனாங்க" என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வது வழக்கம். அந்தக் கிரய ஓலையின் நான்கெல்லையை வாசித்தால் வேறு சங்கதி தெரிகிறது. கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை. வடக்கே ஆட்டுக்கிடை மந்தை. தெற்கே பழங்கிணறு. எங்களவர்கள் வருவதற்கு முன்பே அங்கே கிடை இருந்திருக்கிறது, கிணறும் இருந்திருக்கிறது, அது பழசாகவும் ஆகியிருக்கிறது. அப்படியானால் அது யார் மந்தை, யார் வெட்டிய கிணறு?

மந்தையைப் பற்றிச் சொன்னவர்கள் இன்றைக்கும் ஆடு வைத்திருக்கிற கீதாரி வீட்டார். ஆற்றங்கரையிலிருந்து வந்த ஆட்களுக்குக் கரிசல் பண்டுவம் ஒன்றும் தெரியாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்களாம். எந்த மழைக்கு உழுவது, எதற்குப் பிறகு விதைப்பது, கம்பும் குதிரைவாலியும் எங்கே வரும், பருத்திக்கு எது தோது என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருஷம் நிலத்துக்கு உரமாகக் கூலி வாங்காமல் ஆட்டுக்கிடை போட்டுக் கொடுத்ததும் அவர்களே.

பழங்கிணற்றைப் பற்றிச் சொன்னது கீழத்தெருவில் ஒரு பாட்டி. இப்போது அந்தக் கிணற்றில் மோட்டார்தான். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலைக் கல் மட்டும் அப்படியே கிடக்கிறது. வடக்கயிறு உரசி உரசி, அதில் ஆள்காட்டி விரலை வைத்தால் முழுசாக உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். அந்தக் கல்லைக் காட்டி, தன் பாட்டன்மார் எந்தப் பாறையில் அதை உடைத்தார்கள், கிணற்றில் எத்தனை ஆள் ஆழத்தில் ஊற்றுக்கண் பிளந்தது, மண் சரிந்து அதில் செத்தது யார் என்று பெயர் சொல்லிச் சொன்னார்கள். பிற்பாடு எங்கள் தோட்டத்தில் வெட்டிய இரண்டு கிணறுகளும் அவர்கள் குடும்பத்துக் கைதான். பதிவேட்டில் 'கிணறு' என்று ஒரு சொல் இருக்கிறது, பட்டாதாராக எங்கள் முன்னோர் பெயர் இருக்கிறது. வெட்டியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. காட்டைத் திருத்தியவர்கள் என்று சொல்வதானால் அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாட்டியும் அவர்கள் வீட்டாரும் சம்மதித்ததால், அந்தப் பெயர்களை எங்கள் நோட்டின் தொடக்கத்திலேயே, எங்கள் முன்னோர் பெயருக்கு முன்னால் அச்சிட்டிருக்கிறோம். பங்காளிகளில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, தெரியும். எனக்கு அதில் துளிக்கூடத் தயக்கம் இல்லை. தன் மக்களைப் பறிகொடுத்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு, கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொன்ன அந்தப் பாட்டியின் பெருந்தன்மைக்கு இது ஈடாகாது.

சுடலைமாடன் கொடைத் திருவிழாவுக்கு வந்து மகுடம் முழங்கக் கணியான் கூத்துப் பாடுகிற அண்ணாவி அவர்களுக்கும் நன்றி. நம் ஊர்ச் சாமி பிடிமண் எடுத்து வந்து வைத்த சாமி என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கோயில் மண், எந்த வழியாக வந்தது, இரவு தங்கியது எந்தெந்த ஊரில் என்பதைக் கணியான் கூத்தில் பாடுகிற வரிசைப்படி அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் அப்பா, தாத்தா காலத்திலிருந்து நம் ஊர்க் கொடைக்கு அந்தக் குடும்பம்தான் வருகிறது. சேரன்மகாதேவியிலிருந்து இங்கே வரும் பாதையை வரைபடமாகப் போட்டிருக்கிறோமே, அது முழுக்க அவர் பாட்டிலிருந்து எடுத்தது.

கட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கணக்குப்பிள்ளைக் குறிப்பிலும் வரிநோட்டிலும் ஆண்கள் பெயர்தான். யார் யாருக்கு அக்கா, எந்த ஊரில் வாக்கப்பட்டாள், முதல் பிரசவத்தில் போனவள் யார், அவள் பெயரை எந்தப் பேத்திக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் வீரவநல்லூர்ப் பெரியம்மைக்கும் கயத்தாறு அத்தைக்கும்தான் தெரிந்திருந்தது. பெரியம்மைக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் பெயர்களை மூத்தது இளையது மாறாமல் சொன்னார்கள். பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால் அச்சு அசலாக இருந்தது.

கோத்தகிரி அத்தைக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தாது வருஷத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிய தம்பி ஒருவர் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவர் இலங்கையில் தோட்டக்காட்டில் வேலைசெய்து, அங்கேயே குடும்பமாகி, 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் பேரன்மார் நீலகிரிக்கு வந்து சேர்ந்ததை அத்தை சொல்லித்தான் அறிந்தோம். ஒப்பந்தப்படி விண்ணப்பம் எழுதும்போது பூர்வீக ஊர் எது என்ற இடத்தில் அத்தையின் அப்பா நம் ஊர்ப் பெயரை எழுதி, அதன் நகலைத் தேயிலைத் தோட்ட வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். நம் ஊரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தக் குடும்பத்தின் ஐந்து தலைமுறையும் இப்போது நோட்டில் இருக்கிறது. அவர்கள் பங்காளிகள் என்ற உரிமையோடு வரும் சித்திரைக் கொடைக்கு வருகிறார்கள். ஊரார் எல்லாரும் வந்து வரவேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படமெடுத்த, தட்டச்சு செய்த, மெய்ப்புப் பார்த்த தம்பி தங்கையருக்கும், அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்ட எல்லாத் தலைக்கட்டுக்கும் நன்றி.

நோட்டின் பிரதிகள் கொடையன்று கோயிலில் கிடைக்கும். சாஸ்தா கோயிலுக்கு ஒன்று, மேலே சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று நாங்களே நேரில் கொண்டுவந்து தருவோம். விடுபட்ட கிளைகளுக்காகக் கடைசியில் சில பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம். கொடைக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பெண் பிள்ளைகள் பெயரை விட்டுவிடாதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில்,
உங்கள் ஊர்ப்பெண்