பர்மாப் பேரேடும் துகெம் ஷூவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்காவைச் சீனா கடன் கொடுத்தே வளைத்துப் போடுகிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். கடன் கொடுத்துக் கெட்ட ஊர்க்காரன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், பர்மாவில் பெகு பக்கம் ஒரு வட்டிக்கடையில் மேலாள். அவர் எழுதிய பேரேடு ஒன்று இரண்டாங்கட்டு அறையில் கிடக்கிறது, ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. 1930 வரை வரவு, பற்று, வட்டி என்று ஒழுங்காகப் போகிறது. அப்புறம் நெல் விலை சரிந்தது. அதற்கு மேல் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான்: ‘நிலம் எழுதி வாங்கியது’. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் எங்கள் பக்கத்திலிருந்து போய் வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம்; 1938இல் 25. ஆசைப்பட்டு வாங்கியதல்ல, பணம் திரும்பாமல் வந்தது. நிலம் போனவனுக்கு அதெல்லாம் ஒன்றுதான். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன், சமையல்காரர் எல்லோரும் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள். பர்மாக்காரர் ஒருவருக்கும் கணக்கெழுதச் சொல்லித் தரவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், ஐயா நடந்தே கிளம்பினார். 1948இல் அங்கே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டார்கள்.

இப்போது எத்தியோப்பியா. அடிஸ் அபாபாவிலிருந்து பக்கத்து நாடான ஜிபூத்திக்குச் சுமார் 750 கி.மீ. ரயில் பாதை, பெரும்பங்கு சீன அரசின் எக்ஸிம் வங்கிக் கடன். அதை எழுதினீர்கள், சரி. அதே நாட்டில் துகெம் என்ற ஊரில் 2012இல் ஹுவாஜியன் என்ற சீனக் கம்பெனி ஷூ தைக்கத் தொடங்கியதே, அதை ஏன் விட்டீர்கள்? ஆரம்பத்திலேயே உள்ளூர்ப் பிள்ளைகள் சிலரைச் சீனாவுக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். கூலி ரொம்பக் குறைவு; அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் தையல் மிஷினில் பழகிய கையை யாரும் எழுதி வாங்க முடியாது.

இன்னொன்று. 2023 டிசம்பரில் எத்தியோப்பியா தவணை தவறியதையும் சீனாவின் தலையில் கட்டியிருந்தீர்கள். அன்று தவறியது 3.3 கோடி டாலர் வட்டி, சர்வதேசச் சந்தையில் அந்த நாட்டின் கடன்பத்திரத்தை வாங்கியவர்களுக்குச் சேர வேண்டியது. ஒருவர் பற்றை இன்னொருவர் பேரில் எழுதினால் எங்கள் ஐயா பெட்டியடிப் பையனின் காதைத் திருகியிருப்பார்.

அடுத்த முறை கடன் தொகையோடு, அந்தத் தொழிற்சாலைகளில் எத்தனை உள்ளூர்க்காரர்கள் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார்கள் என்பதையும் உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கானாடுகாத்தான்