பொதிகையில் ஆளைத் தொலைக்கும் மர்ம நாவலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே, வணக்கம்.

மலையேறப் போன பையன் பொதிகையில் காணாமல் போகிறான். மூன்றாம் அத்தியாயத்தில் புலி உறுமுகிறது. அந்தப் புலிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழி தவறியவனை அங்கே முதலில் மடக்குவது சரிவும் மழையும் இருட்டும்.

நம் பக்கத்துச் சரிவு கிழக்கே பார்த்தது. சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கியதும் காரையாறுப் பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடும். அம்பாசமுத்திரம் வயலில் அப்போதும் வெயில் அடிக்கும். காலண்டரைப் பார்த்து அஸ்தமனம் எழுதாதீர்கள்.

ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்று உங்கள் நாயகன் நம்பட்டும். அங்கேதான் கதை இருக்கிறது. இந்த ஓடைகள் பாறைக்குப் பாறை விழுபவை. பாசிப் பாறையில் ஓர் ஆள் உயரம் சறுக்கியவன் திரும்ப ஏற முடியாது. கீழே அடுத்த அருவி, இரு கரையிலும் மூங்கில் மாதிரி அடர்ந்த ஈத்தைக்காடு. தண்ணீர் இரைச்சலில் அவன் கத்துவது தேடுபவர்களுக்குக் கேட்காது, அவர்கள் விசில் அவனுக்குக் கேட்காது. மூடுபனியில் முகட்டைத் தாண்டிவிட்டானானால் இன்னும் மோசம்: அகத்தியமலையில் இந்தப் பக்கத் தண்ணீர் தாமிரபரணிக்கு, அந்தப் பக்கத் தண்ணீர் நெய்யாற்றுக்கு. தேடல் பாபநாசத்தில் நடக்கும், ஆள் கேரளத்தில் இருப்பான்.

கொலைகாரனும் தேவையில்லை. நனைந்த உடம்பு இரவெல்லாம் மலைக்காற்றில் கிடந்தால் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும். நடுக்கம் வரும், பேச்சு குழறும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிவதாக நினைத்து உடுப்பைக் கழற்றி எறிவார்கள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையாது. ஆக, கழற்றிப் போட்ட சட்டை, ரத்தம் ஊறிய காலுறை. பார்க்கிற இன்ஸ்பெக்டர் வேறென்ன நினைப்பார்?

தடம் பார்க்கும் காணிப் பழங்குடி மக்களை மந்திரவாதி ஆக்காதீர்கள். கடைசியாக அவனைப் பார்த்த இடத்தில் கூட்டத்தை நிறுத்தவேண்டும். ஐம்பது பேர் மிதித்தால் தடம் போயிற்று, மழை பெய்தாலும் போயிற்று. பிறகு ஓடை கடக்கும் ஈரமண், ஈத்தை ஒடிந்து சாய்ந்த திசை, புரண்டு ஈரப்பக்கம் மேலே தெரியும் சருகு. பொறுமையான வேலை அது.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவோம் என்று ஏட்டையாவைப் பேசவைக்கிறீர்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. தாமதத்துக்கு நல்ல காரணம் வேறு இருக்கிறது: காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். கூடப் போனவர்கள் வழக்குக்குப் பயந்து, ஏறிய வழியை மாற்றிச் சொல்வார்கள். தேடல் தப்பான ஓடையில் தொடங்கும். அந்தப் பொய் எந்த அத்தியாயத்தில் உடையவேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் வட்டார வாசகர்கள்