நவக்கிரக வழி வீட்டுத் தங்கல்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

பயணிகளை வீட்டில் தங்க வைக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒரே நாளில் ஒன்பது கோயிலும் சுற்றும் வேன்களால் நம் ஊர்களில் மிஞ்சுவது பாலித்தீன் பைதான். சுற்றிப் பார்க்க எத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கு மூன்று நாள், இரண்டு இரவு என்றே சொல்லுங்கள். முதல் நாள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம். மறுநாள் சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில். கடைசியில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. சனிக்கிழமை திருநள்ளாறு வேண்டாம், கூட்டத்தில் நேரக்கணக்கே குலையும். அங்கே குளித்துவிட்டுக் குளத்தில் பழைய துணியை விடக்கூடாது என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

நடை சாத்தும் மதியம்தான் நம் நேரம். இலைச் சாப்பாடு போட்டு, முதல் நாளென்றால் சுவாமிமலை சிலைப் பட்டறைக்கோ நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைக்கோ அழைத்துப் போகலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; உலோகம் உருக்கி ஊற்றும் இடத்தில் கூட்டம் ஆகாது.

பெரிய கவலை கழிவறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறும்; அடி பூசாத உறைக்குழி (சிமெண்ட் உறை இறக்கிய கழிவறைக் குழி) அப்போது கைப்பம்புத் தண்ணீரைக் கெடுத்துவிடும். அடியும் சுவரும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள், கிணற்றுக்கும் பம்புக்கும் குறைந்தது 50 அடி தள்ளி. அது முடியும்வரை தயவுசெய்து யாரையும் தங்க வைக்காதீர்கள்.

குடிக்க பாட்டில் வேண்டாம்; 20 லிட்டர் கேனும் செம்பும் போதும்.