கலாவுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியைப் படித்துச் சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்பினால், உனக்கு சுகர் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். 49 வயதில். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று ஒரே வரியில் தாண்டியும் போய்விட்டாய். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை.

என் அம்மாவைப் பற்றி உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒருநாள் பதினோரு மணிவாக்கில் வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் சின்ன வெங்காயத்தைப் பாதி உரித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைச் செத்துப்போன பெரியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 46. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்து, "ஏட்டி, எதுக்கு அழுத?" என்று கேட்டார்.

காலையில் இன்சுலின் போட்டதை மறந்து இரண்டாவது தடவையும் போட்டிருக்கிறார். இட்லி தட்டில் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தானே ஊசி போட்டுக்கொண்டவர் கலா, அளவு ஒரு நாளும் தப்பியதில்லை.

அப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். அல்சைமர் என்ற மறதி நோயின் ஆரம்பம் என்றார். சுகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நாள்பட்ட சுகர் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற மாதிரியே மூளையின் பொடி ரத்தக் குழாய்களையும் கெடுக்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற கசடைக் கரைக்கும் ஒரு நொதிதான் இன்சுலினையும் கரைக்கிறதாம். உடம்பில் இன்சுலின் மிதமிஞ்சி ஓடினால் அந்த நொதி அங்கேயே மாட்டிக்கொள்ளும், கசடு தேங்கும் என்று ஒரு கருத்து உண்டாம். 2005இல் அமெரிக்காவில் சூசன் டி லா மாண்டே என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் அல்சைமருக்கு 'மூன்றாம் வகை நீரிழிவு' என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சுகர் உள்ள எல்லாருக்கும் மறதி வந்தே தீரும் என்று பயம் காட்டுகிறது. அப்படி இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அதற்கு மேல் இல்லை. ஆனால் அதுவே குறைவும் இல்லை.

என் மனசை அறுக்கிறது வேறு. அம்மாவின் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 6.3 சதவீதம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வயதில் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதே ஆபத்தாம். சுகர் மட்டமாக இறங்கி ஆஸ்பத்திரி வரை போன முதியவர்களுக்குப் பிற்பாடு மறதி நோய் அதிகம் வந்ததைக் கலிபோர்னியாவில் 16,000க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2009இல் எழுதியிருக்கிறார்கள். மறதியால் ஊசி இரட்டிக்கிறது, ஊசியால் சுகர் இறங்குகிறது, இறங்கினால் மறதி கூடுகிறது. இந்தச் சுழலில் அம்மாவை விட்டுவைத்திருந்தேன். இப்போது 8க்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார். ஊசியை நான்தான் போடுகிறேன், போட்டதும் காலண்டர் தாளில் பென்சிலால் ஒரு கோடு. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிட்டதில் பி12 சத்தும் குறைந்திருந்தது. அதற்கு ஊசி போட்ட பிறகு கால் மதமதப்பும் சோர்வும் விட்டிருக்கின்றன. மறதி அப்படியேதான் இருக்கிறது.

உன் கதை வேறு. நீ இறுக்கிப் பிடிக்க வேண்டிய வயது. லண்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 70 வயதை எட்டியவர்களைப் பார்த்தபோது, பத்து வருஷத்துக்கு முன்பே சுகர் வந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். உனக்கு எழுபது ஆக இன்னும் 21 வருஷம் இருக்கிறது. அதனால்தான் அந்த ஒரு வரி என்னை உறுத்தியது. பிரஷரையும் சேர்த்துப் பார்த்துக்கொள். சாயங்காலம் முக்கால் மணி நேரம் நட, மாத்திரையை நீயாக நிறுத்தாதே. உடம்பைக் குறைக்கிறதென்று எல்லாரும் பேசுகிற செமாகுளுடைட் என்ற சுகர் மருந்தையும் அல்சைமருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் முடிவு வந்தது. வந்த பிறகு ஓடுவதற்கு இப்போதைக்குப் பெரிய வழி இல்லை கலா.

அம்மாவுக்கு நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை. ஆனால் உன் பேரைச் சொன்னதும், "ஹாஸ்டல்ல இருந்து வந்தா அதிரசமா தின்பாளே, அந்தப் பிள்ளையா?" என்கிறார். தை பிறந்ததும் ஒரு நடை வந்து அவர் பக்கத்தில் உட்கார். உன் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்து வா, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
செண்பகம்