27 நாற்காலி போட்டாயிற்று, சண்டை எப்போது? – மார்வெல் ஸ்டுடியோஸுக்கு ஒரு திறந்த மடல்

மார்வெல் ஸ்டுடியோஸ் தலைவர் கெவின் ஃபைகி அவர்களுக்கும், இயக்குநர்கள் ஆண்டனி ரூசோ, ஜோ ரூசோ இருவருக்கும்,

வணக்கம்.

2025 மார்ச் 26 அன்று நீங்கள் நேரலையில் விட்ட நாற்காலி வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன். வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நடிகரின் பெயர். கேமரா மெதுவாக நகரும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பெயர் வரும். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக இவ்வளவுதான் நடந்தது. சூப்பர் ஹீரோக்கள் அணி சேரும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஊர் உலகமெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தம் 27 பேர். கடைசி நாற்காலிக்கு, முன்பு டோனி ஸ்டார்க் என்கிற அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் நேரிலேயே வந்தார்.

எங்கள் ஊரில் தேர்தலுக்கு முன்னால் எந்தக் கட்சிக்கு எத்தனை சீட் என்று இப்படித்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். பங்கீடு முடிந்து கையெழுத்தும் போட்டாயிற்று என்று தலைவர்கள் சிரித்தபடி போட்டோவுக்கு நிற்பார்கள். உண்மையான ரகளை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். உங்களிடம் நான் கேட்க வந்ததும் அந்த ரகளையைத்தான். இந்த 27 பேரும் சேர்ந்து சண்டை போடுவதற்கு முன்னால், தங்களுக்குள் சண்டை போட நேரம் கொடுங்கள்.

2012-ல் வந்த முதல் 'அவெஞ்சர்ஸ்' படத்தை இப்போது போட்டுப் பாருங்கள். நியூயார்க் சண்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் படத்தின் உச்சம் ஹெலிகேரியர் என்ற பறக்கும் கப்பலின் ஆய்வகத்தில் நடக்கும் வாய்ச்சண்டைதான். நாயகர்களைத் திரட்டிய உளவு அமைப்பான ஷீல்டு, டெஸராக்ட் என்ற சக்திக் கனசதுரத்தை வைத்து ரகசியமாக ஆயுதம் செய்கிறது என்பதை டோனி கணினிக்குள் புகுந்து கண்டுபிடிக்கிறான். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் அதே விஷயத்தைக் கிடங்குக் கதவை இழுத்துத் திறந்து, உள்ளே இருந்த துப்பாக்கியையே தூக்கிவந்து மேஜையில் போடுகிறான். இரண்டு பேருடைய குணமும் அந்த ஒரு செய்கையில் தெரிந்துவிடுகிறது. ஆயுதம் எதற்கு என்று கேட்டால் ஷீல்டு தலைவர் ஃப்யூரி தோரைக் கைகாட்டுகிறார்: வேற்றுலகத்துக்காரர்கள் வந்து சண்டை போட்டு ஒரு சின்ன ஊரையே தரைமட்டமாக்கினார்களே, அதனால்தான். தோருக்குக் கோபம். உளவாளி நட்டாஷா, கோபம் வந்தால் ஹல்க்காக மாறும் விஞ்ஞானி பேனரை அங்கிருந்து நகர்த்தப் பார்க்கிறாள். கேமரா வில்லன் லோகியின் செங்கோலுக்கு அடியில் போய்த் தலைகீழாகச் சுழல்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. தான் சாக முயன்றதையும் முடியாமல் போனதையும் பேனர் அந்தக் கூச்சலுக்கு நடுவில் சொல்லும்போதுதான் அறை அடங்குகிறது. அந்த நேரத்தில் செங்கோல் அவர் கையில் இருக்கிறது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கீழே வையுங்கள் டாக்டர் என்று ஸ்டீவ் சொல்கிறான்.

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. கிராஃபிக்ஸ் செலவும் அதிகமில்லை. ஆனால் ஏழு வருஷத்துக்கான கதை இங்கேதான் விதைக்கப்பட்டது. முள்கம்பி மேல் தான் படுத்துக்கொண்டு மற்றவனைத் தாண்டவிடுகிற ஆள் நீ இல்லை என்று ஸ்டீவ் டோனியைக் குத்திக் காட்டுகிறான். நானாக இருந்தால் கம்பியையே வெட்டிவிடுவேன் என்கிறான் டோனி. 2019-ல் 'எண்ட்கேம்' கடைசியில் வெட்டுவதற்குக் கம்பி இல்லை, டோனி தானே படுத்து உயிரைக் கொடுத்துவிட்டான். தியேட்டரில் அத்தனை பேர் அழுததற்கு அந்தப் பழைய வாக்குவாதமும் ஒரு காரணம். நானே அயர்ன் மேன் என்று அவன் சொல்கிற கடைசி வசனம்கூட முதலில் இல்லை. படத்தொகுப்பு நடக்கும்போது எடிட்டர் ஜெஃப் ஃபோர்டு சொல்லி, அப்புறம் எடுத்துச் சேர்த்தது. மறுபடி அந்த மனநிலைக்குப் போக டௌனி தயங்கினார் என்றும் நீங்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிக் கடைசி நேரத்தில் வந்த ஒரு வரி இவ்வளவு கனமாக விழ வேண்டுமென்றால், அதைத் தாங்க அடியில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

அது ஒரே நாளில் வந்ததும் இல்லை. 2008-ல் இரண்டு படம், 2010-ல் ஒன்று, 2011-ல் இரண்டு. ஐந்து படம் ஓடிய பிறகுதான் ஆறு பேரை ஒரே ஃபிரேமில் நிறுத்தினீர்கள். நடிகர் தேர்விலும் அதே பொறுமை இருந்தது. நடிகர்களைத் தேர்வு செய்த சாரா ஃபின்னின் பெயரை எங்கள் பக்கம் நூற்றில் ஒருவருக்குத் தெரிந்தால் ஆச்சரியம். ஆனால் பெரிய திரையில் அப்போது அதிகம் தெரியாத கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் தோர் ஆனதிலும், தோர் வேஷத்துக்குத் தேர்வு கொடுக்க வந்த டாம் ஹிடில்ஸ்டன் லோகி ஆனதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கிறிஸ் எவன்ஸ் பலமுறை முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைக் கையில் எடுத்தார். எட்வர்ட் நார்ட்டனுக்குப் பதில் மார்க் ரஃபலோ வந்தபோது முகம் சுளித்தவர்கள், படம் வந்த பிறகு அவரைத் தவிர வேறொரு பேனரை யோசிக்கவே இல்லை.

எதிர்க்கடையான டிசியில் நடந்ததையும் பார்த்தோம். 2017-ல் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. ஃபிளாஷ், ஆக்வாமேன், சைபோர்க் மூன்று பேரையும் ஏறக்குறைய முதல் தடவையாக அறிமுகப்படுத்தி, அதே படத்தில் அணியாகவும் சேர்த்து, உலகத்தையும் காப்பாற்ற வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸாக் ஸ்னைடர் விலகிய பிறகு மறுபடப்பிடிப்பை நடத்தி முடித்தவர் உங்கள் 2012 படத்தை எழுதி இயக்கிய அதே ஜாஸ் வீடன். ஆள் அதே ஆள்தான், அடியில் ஐந்து படம் இல்லை. உங்கள் வீட்டிலேயே 2021-ல் 'எட்டர்னல்ஸ்' இருக்கிறதே, ஒரே மூச்சில் பத்துப் புது நாயகர்கள். படம் பார்க்க அழகாக இருந்தது. வெளியே வந்ததும் அதில் எத்தனை பேர் பெயர் நினைவில் நின்றது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கூட்டம் அதிகமானால் முடியாது என்றும் நான் சொல்ல வரவில்லை. ரூசோ சகோதரர்களே, 2018-ல் 'இன்ஃபினிட்டி வார்' எடுத்தபோது கையில் இதைவிடப் பெரிய படை இருந்தது. நீங்கள் அவர்களை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. டோனியையும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சையும் ஒரே விண்கலத்தில் ஏற்றினீர்கள். தலைக்கனம் பிடித்த இரண்டு தாடிக்காரர்கள், நடுவில் ஸ்பைடர் மேன் பையன். தோரை ராக்கெட், குரூட் என்ற இரண்டு விசித்திரப் பிராணிகளோடு கோடரி செய்ய அனுப்பினீர்கள். தம்பி, அம்மா, அப்பா, நண்பன் என்று இழந்தவர்களை வரிசையாகச் சொல்லி, இனி இழக்க என்ன இருக்கிறது என்று தோர் சிரித்துக்கொண்டே கேட்பது ஒரு ரக்கூனிடம். அந்த இடத்தில் கண் கலங்கியது. டூம்ஸ்டேயிலும் அப்படிச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துவிடுங்கள். தயவுசெய்து எல்லோரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிற ஷாட்டை நம்பி மூன்று மணி நேரம் ஓட்டாதீர்கள். எண்ட்கேமில் பெண் நாயகர்கள் அத்தனை பேரையும் சில நொடி ஒன்றாக நிறுத்தினீர்கள். விசில் பறந்தது, சரி. அவர்களில் பலர் ஒருவரோடு ஒருவர் அதற்கு முன்னால் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

பெண்கள் என்றதும் ஒரு பழைய பாக்கி நினைவுக்கு வருகிறது. ஸ்கார்லெட் ஜொஹான்சன் 2010-ல் வந்தார். நட்டாஷாவுக்குத் தனிப்படம் 2021-ல்தான் கிடைத்தது, அதுவும் அவளைச் சாகடித்த பிறகு. 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பவள் அவள். கடைக்கு வந்த பொம்மையில் அந்த வண்டியை ஓட்டியது கேப்டன் அமெரிக்கா! டோனிக்கு ஏரிக்கரையில் ஊரே திரண்ட இறுதிச் சடங்கு. நட்டாஷாவுக்கு இன்னொரு ஏரிக்கரையில் ஐந்து ஆண்கள் கொஞ்ச நேரம் தலைகுனிந்து பேசிக்கொண்டதோடு சரி. ஆறு பேர் அணி என்று போஸ்டரில் போட்டுவிட்டு நாலு பேருக்குத்தான் இலை போட்டீர்கள். ஹாக்-ஐயாக நடித்த ஜெரமி ரென்னரும் முதல் படத்தில் பாதிக்கு மேல் லோகியின் வசியத்தில் இருந்ததைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டவர்தான். இந்த முறை ஃப்ளோரன்ஸ் பியூ, லெட்டிஷியா ரைட், வனெஸ்ஸா கிர்பி மூவரும் இருக்கிறார்கள். மூன்று பேரும் தனியாகப் படத்தைத் தோளில் தூக்கக்கூடியவர்கள்.

டௌனி விஷயத்துக்கு வருகிறேன். அவர் இந்த முறை வில்லன் டாக்டர் டூமாக வருகிறார் என்று 2024-ல் சான் டியேகோவில் முகமூடியைக் கழற்றிக் காட்டியபோது எனக்கு மகிழ்ச்சியை விடப் பயம்தான் அதிகம் வந்தது. அடுத்த பெரிய வில்லனாகத் திட்டமிட்டிருந்த கேங் என்பவனின் கதையைக் கைவிட வேண்டிவந்ததால் பழைய செல்லப்பிள்ளையைக் கூப்பிட்டு வந்துவிட்டீர்களோ என்ற பயம். டூம் அப்படி வாடகை முகத்தில் வந்துபோகிற ஆள் இல்லை. காமிக்ஸில் 1962-லிருந்து இருக்கிறவன், ஒரு நாட்டுக்கே அதிபதி. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அணித் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ் மீது அவனுக்கு என்ன கோபம்? கல்லூரியில் டூம் போட்டிருந்த கணக்கில் தப்பு இருக்கிறது என்று ரீட் சொன்னான். டூம் கேட்கவில்லை. இயந்திரம் வெடித்தது, முகம் போனது. அதற்கும் ரீட்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறான். கணக்கில் தப்பைச் சுட்டிக்காட்டியதற்காக ஆயுசுக்கும் பகை! இதைவிட மனிதத்தனமான வில்லன் காரணம் கிடைக்குமா? ரீடாக பெட்ரோ பாஸ்கல் இருக்கிறார். இருவரையும் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கம் உட்கார வையுங்கள், வானத்தில் ஓட்டை விழுவதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முகமூடியை மட்டும், அட நம்ம டோனி என்று கைதட்டு வாங்குவதற்காகக் கழற்றிவிடாதீர்கள்.

அந்த 27 பேரில் இருக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கும் இயன் மெக்கெல்லனுக்கும் எண்பது தாண்டிவிட்டது. 2000-ல் முதல் 'எக்ஸ்-மென்' படத்தில் சிறைக்குள் சதுரங்கம் ஆடியவர்கள். அவர்களைப் பறக்கவிட வேண்டாம், இன்னொரு ஆட்டம் ஆடவிடுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

இன்னொன்று. அணி என்றால் திரையில் தெரிகிறவர்கள் மட்டும் இல்லையே. 2023-ல் உங்கள் கிராஃபிக்ஸ் (விஎஃப்எக்ஸ்) கலைஞர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். மனுஷன் எந்த நிலைக்குப் போனால் அப்படி ஒருமனதாக வாக்களிப்பான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 27 பேருடைய காட்சிகளையும் கடைசி வாரத்தில் மாற்றி எழுதி அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

சண்டை முடிந்த பிறகும் கொஞ்சம் இடம் விடுங்கள். 2012 படத்தில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் தோரும் ஹல்க்கும் சேர்ந்து அந்தப் பெரிய ஜந்துவை வீழ்த்திவிட்டு மூச்சு வாங்க நிற்பார்கள். ஹல்க் திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நிற்கிற தோருக்கு ஒரு குத்து விடுவான். பழைய கணக்கு! தியேட்டரே குலுங்கிச் சிரித்த இடம் அது. கடைசியில் வரும் ஷவர்மா காட்சியை நாங்கள் அப்போது பார்க்கவே இல்லை. அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே இங்கே படம் வெளியாகிவிட்டது. நீங்களோ லாஸ் ஏஞ்சலஸில் முதல் காட்சி போட்ட மறுநாள்தான் அதை எடுத்து அமெரிக்கப் பிரதியில் சேர்த்தீர்கள். எவன்ஸ் அதற்குள் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்ததால் முகத்தில் அதை மறைக்கும் செயற்கைத் தாடையை ஒட்டிக்கொண்டு, கையை வாயருகே வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் காட்சி. பிறகு இணையத்தில்தான் பார்த்தோம். தெருவுக்குத் தெரு ஷவர்மா கடை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதைக் காட்டாமல் விட்டது அநியாயம் என்று இப்போதாவது பதிவு செய்துவைக்கிறேன்.

கடைசியாக, தமிழ்ப் பிரதி. எண்ட்கேமுக்கு ஏ.ஆர்.ரஹ்மானை வைத்துத் தமிழிலும் பாட்டுப் போட்டீர்கள், முருகதாஸை வசனம் எழுத வைத்தீர்கள், நன்றி. கூடவே அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியைப் பேச வைத்தீர்கள். அவர் நடிப்பை யார் குறை சொல்வார்கள்? ஆனால் ட்ரெய்லர் வந்ததுமே பழைய குரலைக் கொடுங்கள் என்று இங்கே எவ்வளவு புலம்பினோம்! அதற்கு முந்தைய படங்களில் டோனியின் கிண்டலையெல்லாம் தமிழில் எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பெயர் தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் குரல். கடைசிப் படத்தில், அவன் சாகிற நேரத்தில், திரையில் டோனி இருக்கிறான், காதில் வேறு யாரோ இருக்கிறார்கள். டூமுக்கு முகமே கிடையாது, முகமூடிதான். குரல் ஒன்றுதான் அங்கே நடிப்பு. அதற்குப் பெரிய ஸ்டாரைத் தேடாதீர்கள். வருஷக்கணக்காக டப்பிங் தியேட்டரில் பேசிப் பழகியவர்களில் ஒருவரைப் பிடியுங்கள், பேசிப் பார்க்க நாலு நாள் கூடுதலாகக் கொடுங்கள், போஸ்டரில் அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முதல் நாள் முதல் காட்சிக்கு எப்படியும் டிக்கெட் எடுத்துவிடப் போகிற ஒரு தமிழ் ரசிகன்