முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் சிகிச்சைக்காக ஈரோடு, கரூர், நாமக்கல்லிலிருந்து கோவைக்கு வரும் இளம்பெண்களிடம், பின்னாளில் குழந்தை வேண்டுமா என்ற பேச்சை முதல் கீமோவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு, புசல்ஃபான் போன்ற மருந்துகள் சினைப்பையின் முட்டை இருப்பை அழிக்கும்; போனது மறுபடி ஊறாது. முட்டையை மட்டும் எடுத்து உறையவைக்க 10 முதல் 14 நாள் ஊசி போட வேண்டும். அதற்கு அவகாசம் இல்லாதவர்களுக்கும் வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் இருக்கும் வழி, சினைப்பைத் திசுவையே உறையவைத்து, சிகிச்சை முடிந்தபின் உடலில் திருப்பி வைப்பது. 2004இல் பெல்ஜியத்தில் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது.

லேப்ராஸ்கோப்பியில் (சிறுதுளை அறுவையில்) ஒரு சினைப்பையையோ அதன் ஒரு பகுதியையோ எடுப்பார்கள். திசுவை வெளியே எடுக்கும்வரை மின்சூடு வைக்கவே கூடாது, முட்டைகள் வெந்துவிடும். முட்டை இருப்பு வெளிப்புறணியில் இருப்பதால் உள்சதையைச் சுரண்டி நீக்கி, 1 மி.மீ. கனத்துக்குச் சீவுவார்கள். கனம் கூடினால் உறைகாப்பு மருந்து நடுவரை இறங்காது. திசு இருக்கும் குழாய் மைனஸ் 7 முதல் 9 டிகிரிக்குள் இருக்கும்போது, குளிர்ந்த இடுக்கியால் அதன் பக்கத்தைத் தொட்டுப் பனியைத் தொடங்கிவைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் நீர் பின்னர் திடீரென உறைந்து, பனிப்படிகம் செல்லுக்குள்ளேயே உருவாகி அதைக் கிழித்துவிடும். அதன்பின் நிமிடத்துக்கு 0.3 டிகிரி வீதம் மைனஸ் 40 வரை இறக்கி, கடைசியில் மைனஸ் 196இல் திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான விந்து வைக்கும் கேனைப் போலவே இங்கும் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மட்டம் பார்த்து ஊற்ற ஆள் வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு ஊரிலும் அமைக்கத் தேவையில்லை. டென்மார்க், ஜெர்மனியில் உள்ளூர் மருத்துவமனையில் எடுத்த திசுவை 4 டிகிரி குளிரில் மைய வங்கிக்கு அனுப்புகிறார்கள். இரவு முழுக்கப் பயணித்த திசுவிலிருந்தும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஈரோட்டிலிருந்து கோவை இரண்டு, மூன்று மணி நேரம்தான். பெட்டிக்குள் ஐஸ் கட்டி திசுக் குப்பியை நேரடியாகத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ரத்தப் புற்றுநோயில் திசுவிலேயே புற்றணு ஒளிந்திருக்கலாம், திருப்பி வைப்பது ஆபத்து. 35 வயதுக்கு மேல் முட்டை இருப்பு குறைவு. திருப்பி வைத்தவர்களில் குழந்தை பெறுவோர் நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைதான். இதையும் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேற்கு மாவட்டங்களுக்குப் பொதுவாகக் கோவையில் அரசே ஒரு திசு வங்கி அமைக்க வேண்டும். அதுவரை, கீமோ ஒப்புதல் படிவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கருத்தரிப்பு ஆய்வகப் பணியாளர்கள்,
ஈரோடு.